‘பாடிகார்ட்’ பார்க்கிறீர்களா? இது அரசியல் திரில்லரா, போலீஸ் கதையா?

27 ஆகஸ்ட் 2018, காலை 7.10

நேற்று இரவு பிபிசி 1 சேனலில் ‘பாடிகார்ட்’ தொடரின் முதல் பகுதியை யாரெல்லாம் பார்த்தீர்கள்? முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போன வாரம் ஒருவர் இங்கே கேட்டிருந்தார்: உள்துறை அமைச்சர், அவருக்கு ஒரு மெய்க்காப்பாளர், இதில் அரசியல் எங்கே இருக்கிறது, போலீஸ் கதைதானே என்று. ஒரு மணி நேரம் பார்த்தாகிவிட்டது, இப்போது சொல்கிறேன். அரசியல் கதைதான். நான் பல வருடங்களாகக் காத்திருந்த மாதிரியான அரசியல் கதை.

தொடக்கத்தில் வரும் ரயில் காட்சி ஏறக்குறைய 20 நிமிடம் ஓடுகிறது. மெய்க்காப்பாளராகப் போகும் போலீஸ்காரர் டேவிட் பட் தன் இரண்டு பிள்ளைகளோடு லண்டன் யூஸ்டன் போகும் ரயிலில் இருக்கிறார். கழிப்பறைக்குள் உடம்பில் வெடிகுண்டு கட்டிய ஒரு பெண், நாதியா. ஆயுதப் போலீஸ் அவளைச் சுடத் துப்பாக்கியோடு நிற்கிறது. பட் அவளைக் கட்டிப்பிடித்துத் தன் உடம்பால் மறைத்துக்கொள்கிறார். சண்டை கிடையாது, துரத்தல் கிடையாது, பேச்சு மட்டும்தான். பயந்து நடுங்கும் அந்தப் பெண்ணிடம் அவர் தன் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பேசப் பேச, நான் மூச்சு விட்டேனா என்றே தெரியவில்லை.

நான் தினமும் வாட்ஃபோர்டிலிருந்து யூஸ்டன் போகிறவன். இன்று விடுமுறை, அதனால் தப்பித்தேன். நாளைக்கு ரயிலில் ஏறினால் கழிப்பறைக் கதவில் எரியும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன்.

இனி அரசியல். பட் ஆப்கானிஸ்தானில் போரிட்டுத் திரும்பியவர், மனம் நொந்தவர், மனைவியைப் பிரிந்து வாழ்பவர். அவர் காக்க வேண்டிய உள்துறை அமைச்சர் ஜூலியா மாண்டேக் அந்தப் போருக்கு ஆதரவாக வாக்களித்தவர். ஆண்ட்ரூ மார் நிகழ்ச்சியில் (பிபிசி பேட்டியாளர் மார், மாராகவே நடித்திருக்கிறார்) அதற்காக வருத்தம் தெரிவிக்கவும் மறுக்கிறார். தன்னைப் போருக்கு அனுப்பியவரின் உயிருக்குத் தன் உயிரைக் கொடுக்க ஒருவர் சம்பளம் வாங்குகிறார். இதைவிட அரசியல் எங்கே இருக்கும்?

ஒரு வேண்டுகோள். என் மனைவி நர்ஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு இரவு வேலை. வாரம் வாரம் காத்திருந்து பார்க்கிற பொறுமை தனக்கு இல்லை, எல்லாம் முடிந்தபிறகு ஒரே மூச்சாகப் பார்க்கிறேன், அதுவரை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாள். அவள் இந்தப் பக்கம் வருவதில்லை. அதனால் இங்கேதான் கொட்டப் போகிறேன். கதை தெரியக்கூடாது என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

27 ஆகஸ்ட், மதியம்

இரண்டாம் பகுதி அடுத்த ஞாயிறு என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். இல்லை, இன்று இரவே, 9 மணிக்கு. அதற்கப்புறம்தான் ஞாயிறுதோறும். மொத்தம் 6 பகுதி.

28 ஆகஸ்ட்

இரண்டாம் பகுதி. தார்ன்டன் சர்க்கஸ் சாலைச் சந்திப்பு!

அமைச்சரின் கார் நிற்கிறது. மேலே கட்டடத்திலிருந்து ஒருவன் சுடுகிறான். ஓட்டுநர் இறந்துவிடுகிறார். கண்ணாடியெல்லாம் ரத்தம். பின் இருக்கையில் ஜூலியாவைக் கீழே அழுத்திப் பிடித்தபடி பட் வயர்லெஸ்ஸில் பேசுகிறார். அந்தக் காருக்குள்ளிருந்து கேமரா வெளியே போவதே இல்லை போல ஓர் உணர்வு. நமக்கும் அவர்களுக்குத் தெரிகிற அளவுதான் தெரிகிறது.

சுட்டவன் யார் என்று தெரிந்தபோதுதான் கதை வேறு இடத்துக்குப் போனது. அவன் பட்டோடு போரில் இருந்த பழைய நண்பன் ஆண்டி. மாடியில் இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ஆண்டி தன்னையே சுட்டுக்கொள்கிறான். அவனை எனக்குத் தெரியும் என்று பட் யாரிடமும் சொல்லவில்லை. நாடு முழுக்க இவரை வீரன் என்கிறது. இவருக்கு மட்டும் தெரியும், தான் ஒரு பொய்யின் மேல் நிற்கிறோம் என்று.

எங்கள் பெரியப்பா தமிழ்நாட்டுக் காவல்துறையில் கொஞ்ச காலம் ஓர் அமைச்சருக்குத் தனிப் பாதுகாப்பு அதிகாரியாக (பி.எஸ்.ஓ.) இருந்தவர். சின்ன வயதில் அவரிடம் "மேடையில் தலைவர் பக்கத்தில் நிற்கிறீர்களே, அவர் பேசுவதெல்லாம் கேட்குமா?" என்று கேட்டேன். ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறாது என்றார். தலைவரைப் பார்ப்பது எங்கள் வேலை இல்லை, கூட்டத்தைப் பார்க்க வேண்டும், அதிலும் முகத்தைப் பார்க்கக்கூடாது, கையைப் பார்க்க வேண்டும் என்றார். மாலை போட வருகிறவன் கை, மனு கொடுக்க வருகிறவன் கை, குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறவன் கை. வீட்டில் கல்யாணத்துக்கு வந்தாலும் சுவரை ஒட்டித்தான் உட்காருவார். பட்டாக நடிக்கும் ரிச்சர்ட் மேடன் அறைக்குள் நுழையும்போது கண்ணை ஓட்டுகிற விதத்தில் அப்படியே பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் இல்லை இப்போது. இருந்திருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்திருப்பேன்.

இன்னொன்று, அந்த ‘மேம்’. ஒவ்வொரு வாக்கியத்திலும் பட் அதைச் சொல்கிறார். மரியாதை, கோபம், நெருக்கம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். மேடன் தன் சொந்த ஸ்காட்லாந்து உச்சரிப்பிலேயே பேசுவதால் அது இன்னும் அழுத்தமாக விழுகிறது.

29 ஆகஸ்ட்

நேற்று ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதும்போது, ஜூலியா கொண்டுவர நினைக்கும் ‘ரிப்பா 18’ என்ற கண்காணிப்பு மசோதா முழுக்கக் கற்பனை என்று சொல்லிவிட்டேன். தப்பு. பாதிதான் கற்பனை. புலனாய்வு அதிகாரங்களை முறைப்படுத்தும் ரிப்பா என்ற சட்டம் 2000-ல் நிஜமாகவே வந்தது. அதை இன்னும் விரிவாக்கும் மசோதாவாகத்தான் கதையில் இந்த ‘18’ வருகிறது. நிஜத்தில் 2016-ல் அதற்கும் பெரிதாக ஒரு சட்டம் வந்துவிட்டது. எதிர்த்தவர்கள் அதை ‘வேவு பார்ப்பவர்களின் சாசனம்’ என்ற பொருளில் அழைத்தார்கள். அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் தெரேசா மே. இப்போது பிரதமர். உறுதியான பெண் உள்துறை அமைச்சர், கண்காணிப்பு மசோதா, பிரதமர் நாற்காலியில் கண் என்று எழுத்தாளர் எங்கிருந்து எடுத்திருப்பார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகாது. அதற்காக ஜூலியாதான் மே என்று சொல்ல மாட்டேன். ஜூலியாவாகக் கீலி ஹாவ்ஸ் செய்திருக்கும் பெண்ணுக்கு ஒரு பசி இருக்கிறது, அது அவளுடையது மட்டுமே.

3 செப்டம்பர், இரவு 12.20

தூக்கம் வரவில்லை. அந்த அரங்கில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே...

3 செப்டம்பர், மாலை

நேற்று இரவு பாதியில் விட்டதற்கு மன்னிக்கவும்.

மூன்றாம் பகுதியின் கடைசி நிமிடங்கள். செயின்ட் மேத்யூஸ் கல்லூரி அரங்கு. ஜூலியா மேடையில். அவரது மக்கள் தொடர்பு ஆலோசகர் தாஹிர் ஒரு பெட்டியோடு மேடையை நோக்கி வருகிறான். பட் ஓடுகிறார். வெடிப்பு. திரை இருண்டுவிடுகிறது.

தாஹிர்தான் குண்டு கொண்டுவந்தான் என்று நேற்று இரவே முடிவு கட்டிவிட்டேன். காலையில் வேலைக்குப் போகும்போது ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் பையனை எத்தனை பேர் எங்கெல்லாம் அனுப்பினார்கள், பெட்டியை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால், அவனைப் பலியாடாக வைத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. பொறுத்துப் பார்ப்போம்.

இந்தப் பகுதியில் என்னை இழுத்தது காதல் அல்ல. (இருவரும் நெருங்குகிறார்கள், பலருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கு அதில் குறையில்லை. இரண்டு தனியான மனிதர்கள், ஓட்டல் அறைகளுக்கு நடுவில் ஒரு கதவு, அவ்வளவுதான்.) என்னை இழுத்தது உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5-க்கும் போலீசுக்கும் நடக்கும் இழுபறி. பிரிட்டனில் எம்.ஐ.5-க்கு யாரையும் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. தகவல் திரட்டலாம், ஒட்டுக் கேட்கலாம், கதவைத் தட்டிக் கைவிலங்கு போட வேண்டுமானால் போலீஸ்தான் வர வேண்டும். பயங்கரவாதத் தடுப்புக்கென்று லண்டன் போலீசில் எஸ்.ஓ.15 என்ற பிரிவு இருக்கிறது, 2006-ல் இரண்டு பழைய பிரிவுகளை இணைத்து உருவாக்கியது. ஒருவருக்கு மற்றவர் தேவை, ஒருவரை மற்றவர் நம்புவதில்லை. ஜூலியா எம்.ஐ.5 பக்கம் சாய்கிறார். போலீஸ் தலைமையில் இருக்கும் ஆன் சாம்ப்சன் அதைக் கவனிக்கிறார். ஜூலியாவை வேவு பார்க்கச் சொல்லி பட்டிடமே வருகிறார்கள்.

பட்டின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் தாக்குதலுக்கு இலக்காகிறது. அது எந்தப் பள்ளி என்று வெளியே சொன்னது யார்? உள்ளே இருக்கும் ஒருவர்தான். இந்தக் கேள்வியை யாரும் விட்டுவிடாதீர்கள். என் சந்தேகம் சாம்ப்சன் மேல்.

10 செப்டம்பர்

ஜூலியா இறந்துவிட்டாள் என்று அறிவித்துவிட்டார்கள்.

நான் நம்பவில்லை. உடலைக் காட்டவே இல்லையே! அறுவை சிகிச்சையில் இறந்தார் என்று செய்தியாகத்தான் வருகிறது. ஆறு பகுதித் தொடரில் பெயர் போட்ட இரண்டு பேரில் ஒருவரைப் பாதியிலேயே கொன்றுவிடுவார்களா? எங்கோ ஒரு பாதுகாப்பான வீட்டில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பகுதியில் கதவைத் திறந்துகொண்டு வருவாள்.

10 செப்டம்பர், சற்றுப் பின்

மேலே எழுதியதற்கு நானே எதிர்வாதம் சொல்கிறேன். எழுதியவர் ஜெட் மெர்குரியோ. இவர் ‘லைன் ஆஃப் டியூட்டி’ என்ற போலீஸ் தொடரை எழுதியவர். அதன் முதல் சீசனில் ஜினா மெக்கீ என்ன ஆனார்? (அவரேதான் இப்போது சாம்ப்சனாக வருகிறார்.) 2014-ல் வந்த இரண்டாவது சீசனில் ஜெஸிகா ரெய்னைக் கதாநாயகி போலவே கொண்டுவந்து, முதல் பகுதி முடிவதற்குள் சன்னல் வழியாகத் தள்ளிவிட்டார்கள். நானும் அன்று ‘இருக்காது’ என்றுதான் சொன்னேன். மெர்குரியோ முன்பு மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்த்தவர். மரணம் கதையின் கடைசியில் மணியடித்துவிட்டு வருவதில்லை, செவ்வாய்க்கிழமை மதியம் சாதாரணமாக வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

சரி, ஆனாலும் ஆசை விடமாட்டேன் என்கிறது.

பட் தன் தலையில் துப்பாக்கியை வைத்துக்கொள்ளும் காட்சி பற்றி நிறையச் சொல்ல மனம் வரவில்லை. உயிர் பிழைக்கிறார், ஏனென்றால் துப்பாக்கியில் யாரோ வெற்றுத் தோட்டாக்களை மாற்றி வைத்திருக்கிறார்கள். கதைக்கு அது ஒரு துப்பு. எனக்கு அதைவிட, மறுநாள் அந்தக் காயத்தை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாரே, அது. மனம் உடைந்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வேலைக்கு வருகிறார்கள். பக்கத்து மேசையில் இருக்கிறவருக்குத் தெரியாது.

12 செப்டம்பர்

பழைய பிரிட்டிஷ் அரசியல் திரில்லர்களில் எதைப் பார்க்கலாம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

1988-ல் சேனல் 4-ல் வந்த ‘எ வெரி பிரிட்டிஷ் கூ’. இடதுசாரி எஃகுத் தொழிலாளி ஒருவர் பிரதமராகிறார், அரசு இயந்திரமே அவரைக் கவிழ்க்கப் பார்க்கிறது. மெதுவாகப் போகும், பொறுங்கள்.

1990-ல் பிபிசியின் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’. அமெரிக்கத் தொடர் மட்டும் பார்த்தவர்கள் இதை அவசியம் பாருங்கள். இது ஒளிபரப்பான கதையே ஒரு திரில்லர். தாட்சருக்குப் பின் ஆளுங்கட்சித் தலைவர் பதவிக்கு நடக்கும் போட்டிதான் கதை. முதல் பகுதி 1990 நவம்பர் 18-ல் வந்தது. நவம்பர் 20-ல் நிஜமாகவே தாட்சருக்கு எதிராகக் கட்சிக்குள் வாக்கெடுப்பு. அவருக்கு 204, எதிரணிக்கு 152. முதல் சுற்றிலேயே ஜெயிக்கத் தேவையான வித்தியாசத்துக்கு 4 வாக்கு குறைந்தது. 22-ம் தேதி விலகுவதாக அறிவித்துவிட்டார். அதாவது முதல் பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் நடுவில் நாட்டின் பிரதமரே போவது உறுதியாகிவிட்டது! எந்த விளம்பரத்தாலும் இப்படிச் செய்ய முடியாது.

அப்புறம் 2003-ல் வந்த ‘ஸ்டேட் ஆஃப் ப்ளே’. 6 பகுதிகள். நாடாளுமன்ற உறுப்பினரின் ஆய்வு உதவியாளராக இருந்த இளம்பெண் ஒருத்தி சுரங்க ரயிலில் அடிபட்டு இறக்கிறாள். பத்திரிகைக்காரர்கள் நூல் பிடித்துக்கொண்டே போகிறார்கள். பின்னால் வந்த அமெரிக்கப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடாதீர்கள்.

இந்த மூன்றிலும் சதி என்பது அறைகளுக்குள் பேச்சாக நடக்கும். ‘பாடிகார்ட்’ அந்த அறைக்கு வெளியே நிற்கிற ஆளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கதவு மூடினதும் நாமும் பட்டோடு தாழ்வாரத்தில் நிற்கிறோம். உள்ளே நாட்டின் தலைவிதி, வெளியே சுவரில் சாய்ந்த ஒருவர். முதல் நாள் கேட்டவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான், இப்போதுதான் வாய்க்கு வருகிறது.

17 செப்டம்பர்

ஐந்தாம் பகுதி. பட்டை இப்போது யாரும் நம்பவில்லை. அவரும் யாரையும் நம்பவில்லை. வெற்றுத் தோட்டாக்களை மாற்றியது யார் என்பது இன்னும் தொங்குகிறது. மேடைக்குக் கீழேதான் குண்டு இருந்திருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் தாஹிர் பாவம். 3-ம் தேதி இரவு நான் போட்ட தீர்ப்பு வாபஸ்.

ரேபர்ன் என்ற அந்தப் பெண் அதிகாரியைக் கவனியுங்கள். கத்துவதில்லை, ஓடுவதில்லை. கேள்வி கேட்டுவிட்டு அமைதியாகக் காத்திருக்கிறார். நினா டூசான் வைட் அற்புதமாகச் செய்கிறார்.

நாதியாவைச் சிறையிலிருந்து விசாரணைக்குக் கொண்டுவருகிறார்கள். பட்டைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி. தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். கணவனின் மிரட்டலுக்குப் பயந்து சிக்கிக்கொண்ட இந்தப் பெண்ணை இன்னும் எத்தனை நாள் குடைவார்கள்? அந்த அறையில் எனக்கு அவள் மேல்தான் இரக்கம் வந்தது.

என் பட்டியல்: சாம்ப்சன் (இன்னும் முதலிடம்), எம்.ஐ.5 தலைவர் ஹன்டர் டன், ஜூலியாவின் முன்னாள் கணவர் பென்ஹாலிகன், அவள் இடத்துக்கு அமைச்சராக வந்துவிட்ட டிராவிஸ். அடுத்த ஞாயிறு கடைசிப் பகுதி, 75 நிமிடம். திங்கட்கிழமை காலை யாரும் என்னிடம் வேலை எதிர்பார்க்க வேண்டாம்.

24 செப்டம்பர், காலை 6.00

நான் போட்ட பட்டியலில் ஒருவர்கூட இல்லை.

24 செப்டம்பர், மாலை

வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

பட் கண் விழிக்கும்போது உடம்பில் வெடிகுண்டு அங்கி, கையில் அழுத்திப் பிடிக்க வேண்டிய விசை. விட்டால் வெடிக்கும். முதல் பகுதியில் நாதியா நின்ற இடத்தில் இப்போது இவர். அங்கே இவர் அவளை அணைத்துக்கொண்டு குறி பார்ப்பவர்களிடமிருந்து காத்தார். இங்கே இவருடைய மனைவி விக்கி பக்கத்தில் வந்து நின்று, நகர மாட்டேன் என்கிறாள். பிரிந்துவிட்டவள். லண்டன் தெருவில் இருவரும் நடக்கிறார்கள், சுற்றிலும் துப்பாக்கிகள். இந்த நடையை நான் லேசில் மறக்க மாட்டேன்.

குண்டு வைக்கச் சொன்னது லூக் ஐக்கன்ஸ் என்ற குற்றக் கும்பல் தலைவன். ஜூலியாவின் மசோதா வந்தால் அவன் தொழில் படுத்துவிடும். பிரதமரை வீழ்த்த ஜூலியாவின் கைக்கு வந்த ரகசியக் கோப்பு, எம்.ஐ.5, தலைமைப் போட்டி எல்லாம் ஒரு பக்கம் தனியாக ஓடிக்கொண்டிருக்க, கொலை வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. உள்ளிருந்து தகவல் கொடுத்தது கிராடக், பட்டின் மேலதிகாரி. முதல் நாளிலிருந்து கண்முன்னால் இருந்தவர். சாம்ப்சனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

குறை உண்டு. உடம்பில் குண்டோடு இருக்கும் ஒருவர் அத்தனை போலீசையும் விட்டு ஓடுவது நம்பும்படி இல்லை. கடைசி அரை மணி நேரத்தில் விளக்கங்கள் குவிகின்றன. ஒருவர் ‘அரசியல் கதை என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள், கடைசியில் ரவுடி கதை’ என்று எழுதியிருக்கிறார். முதலில் எனக்கும் அப்படித் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அமைச்சர், உளவுத்துறை, போலீஸ் மூவரும் ஒருவரையொருவர் கவனிப்பதிலேயே மூழ்கிப் போனதால்தான் நான்காவது ஒருவனால் உள்ளே வர முடிந்தது.

ஜூலியா வரவில்லை. கதவு திறக்கவே இல்லை.

நாதியா பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்று முடியாது.

26 செப்டம்பர்

குண்டுகளைச் செய்தது நாதியா. எல்லாவற்றையும். ரயிலில் அவள் கட்டியிருந்ததும், ஜூலியாவைக் கொன்றதும், பட்டின் உடம்பில் இருந்ததும். கணவனுக்குப் பயந்த அப்பாவி என்று நீங்களாகத்தான் நினைத்துக்கொண்டீர்கள், நான் ஒரு பொறியாளர் என்ற பொருள்பட அவள் சொல்லும்போது முகமே மாறுகிறது. அஞ்ஜலி மொஹிந்த்ராவின் நடிப்புக்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

இரண்டு நாளாக இதில் என் மனம் ஒரு நிலையில் இல்லை. முதல் நாள் எனக்குப் பெரிய அதிர்ச்சி, அது நல்ல அதிர்ச்சி. நான் அவளை ஒருபோதும் சந்தேகப்படவில்லை. ஏன்? அழுதாள், முக்காடு போட்டிருந்தாள், குரல் சின்னதாக இருந்தது. இவளால் என்ன செய்ய முடியும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அது இரக்கம் என்று நினைத்தேன். அவளுக்கு மூளை இருக்கும் என்று நினைக்காத இரக்கம். தாஹிரை மட்டும் பெட்டியைப் பார்த்தவுடன் சந்தேகப்பட்டேன். பழுப்பு நிற ஆண் என்றால் குண்டு, பழுப்பு நிறப் பெண் என்றால் பாவம். நானே பழுப்பு நிறத்தவன், எனக்கே இப்படி.

இரண்டாம் நாள் வேறு மாதிரி உறுத்தியது. இந்தத் திருப்பத்துக்காக, கடைசியில் கதையில் பேசப்பட்ட ஒரே முஸ்லிம் பெண்ணையும் பயங்கரவாதி ஆக்கிவிட்டார்களே? திங்கட்கிழமை காலை முக்காட்டோடு யூஸ்டன் ரயிலில் ஏறிய பெண்களுக்கு அந்த ஞாயிறு இரவு எப்படி இருந்திருக்கும்?

இதை லேசாகச் சொல்லவில்லை. 2005 ஜூலை 7 குண்டுவெடிப்புகளில் 52 பேர் இறந்தபோது நான் லண்டனில்தான் இருந்தேன். இரண்டு வாரம் கழித்து, 22-ம் தேதி, ஸ்டாக்வெல் நிலையத்தில் ஜான் சார்லஸ் டி மெனசஸ் என்ற பிரேசில் இளைஞரைத் தற்கொலைக் குண்டுதாரி என்று தவறாக நினைத்துப் போலீஸ் சுட்டுக் கொன்றது. எலெக்ட்ரீஷியன், வயது 27. அதற்கப்புறம் பல மாதம் நான் சுரங்க ரயிலில் முதுகுப் பையை மடியில் வைத்து, ஜிப்பைத் திறந்தே வைத்திருப்பேன். உள்ளே சாப்பாட்டு டப்பாவும் ஸ்வெட்டரும் எதிரில் இருப்பவருக்குத் தெரியட்டும் என்று. யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் செய்தேன். முதல் பகுதியில் பட் அவளை அணைத்து மறைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்ததற்குக் காரணம் அதுதான் என்று இப்போது புரிகிறது. சுடுவதற்கு முன் ஒருவன் நடுவில் வந்து நிற்கிறானே என்று.

ஆகவே எனக்கு இரண்டும் உண்மை. திருப்பம் என்னைச் சரியாகப் பிடித்தது. அந்தத் திருப்பத்துக்குக் கொடுத்த விலை அதிகம்.

28 செப்டம்பர்

நியூயார்க் போகும் வழியில் பத்திரிகையாளர்கள் பிரதமர் மேயிடம் ‘பாடிகார்ட்’ பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 20 நிமிடத்தில் நிறுத்திவிட்டாராம். இளைப்பாறத்தான் தொலைக்காட்சி பார்க்கிறேன், பெண் உள்துறை அமைச்சரைப் பற்றிய நாடகம் அதற்குச் சரிவராது என்று காரணம் சொல்லியிருக்கிறார். 20 நிமிடம் என்றால் ரயிலைவிட்டே இறங்கியிருக்க மாட்டார்!

கடைசிப் பகுதியை ஒளிபரப்பான நேரத்திலேயே சராசரியாக 1 கோடியே 4 லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் அவரவர் வசதிக்குப் பார்க்கும் காலத்தில், ஞாயிறு இரவு 9 மணிக்கு இத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்தது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அலுவலகத்தில் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஒருவர் என் மேசைக்கு வந்து கிராடக் பற்றி 15 நிமிடம் பேசினார்.

13 டிசம்பர்

நேற்று நிஜக் கட்சியில் மே மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆதரவாக 200, எதிராக 117, தப்பித்துவிட்டார். செய்தியில் நாடாளுமன்றத் தாழ்வாரத்தைக் காட்டினார்கள். எல்லாரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் ஓரத்தில் காதில் கம்பியோடு நின்ற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எல்லாருடைய கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

7 ஜனவரி 2019

மேடனுக்கு கோல்டன் குளோப் கிடைத்துவிட்டது! நேற்று இரவு, தொலைக்காட்சி நாடகத்தில் சிறந்த நடிகர். கீலி ஹாவ்ஸுக்கும் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

மனைவிக்கு இந்த வாரம் விடுப்பு. டிவிடி வாங்கி வைத்திருந்தேன். நான்கு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்ததற்குப் பலனாக நேற்று மாலை முதல் பகுதியைப் போட்டோம். எனக்கு இது இரண்டாம் முறை, அதனால் திரையைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தேன். கழிப்பறைக் கதவு திறந்தது. நாதியா சுவரோடு ஒட்டி நின்று நடுங்கினாள். மனைவி தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாவம் இந்தப் பொண்ணு, இவளை எவனோ மிரட்டி அனுப்பியிருக்கான்" என்றாள்.

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இன்னும் 5 பகுதி இருக்கிறது.